என்ற பேருக்கு விழுந்த ஓட்டு

வாங்க தம்பி, இப்படி உட்காருங்க. அந்த நாற்காலி ஆடும், இந்த பெஞ்சே தேவலை. அம்மிணி, என்ற ஊட்டுக்காரி, உள்ளதான் இருக்கா. ஆபீசைக் காலி பண்ணிப் பெட்டி கட்டிட்டு இருக்கா. நானும் கூட நின்னு கட்டிக் குடுக்கலாம்னுதான் போனேன். "நீங்க வெளியில இருங்க, நான் பாத்துக்கறேன்"னுட்டா. சரின்னு வந்து உட்காந்துட்டேன். அவ எம்.எல்.ஏ.வா இருந்த எட்டு வருசமும் எனக்கு இதே பெஞ்சுதான். சட்டசபை நடக்கறப்பவெல்லாம் காரோட்டிக் கொண்டாந்து விட்டுட்டு, தயிர்ச்சோத்து டப்பாவை மடியில வெச்சுட்டு உட்காந்திருப்பேன். இடுப்பு போச்சு. இன்னியோட இதுவும் முடிஞ்சுது.

தமிழ்ச் சங்கத்துல இருந்தா வர்றீங்க? பொங்கல் விழாவுக்குக் கூப்பிடவா? பரவால்லயே. ஜெயிச்சப்ப ஆயிரம் பேரு வந்தாங்க. தோத்த பொறவு வந்த மொத ஆளு நீங்கதான். எந்த ஊரு? கோபியா? அட, நாங்க காங்கேயம் பக்கம்ங்க. அப்ப உங்ககிட்டயே ஒரு யோசனை கேக்கலாம். வேத்தாளா இருந்தாலும் நம்ம பக்கத்து ஆளு, உங்களுக்குப் புரியும்.

விசயம் இதுதான். கட்சியில க்ளென்னு ஒருத்தன் இருக்கான். அம்மிணிக்கு ஆரம்பத்துல இருந்து எலெக்சன் வேலை பாத்தவன். அவன் நேத்து எனக்குப் போன் பண்ணினான். அவளுக்கில்ல, எனக்கு. அடுத்த தடவை அதே தொகுதியில நீங்க நில்லுங்கங்கறான். ஆமாங்க, என்னையத்தான். அவன் யோசிச்சுச் சொல்லுங்கன்னு வெச்சுட்டான். இதை அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அவ வெளிய வந்தாள்னா சொல்லியாகோணும். க்ளென்னு சும்மா இருக்க மாட்டான், அவளுக்கும் போன் பண்ணிருவான்.

சிரிக்கறீங்க. இவனை எதுக்கு நிக்கச் சொல்றாங்கன்னு நினைக்கறீங்க. அதுக்குப் பேர்ல இருந்து சொல்லோணும்.

நமக்கேதுங்க தம்பி குடும்பப் பேரு? நான் நாச்சிமுத்து. எங்கப்பன் ரங்கசாமி. அவ பூங்கொடி. அமெரிக்கா வர்றதுக்கு பாஸ்போர்ட்டு எடுக்கறப்ப கடைசிப் பேருன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. ஏஜென்ட்டு அதுல எனக்கு எங்கப்பன் பேரைப் போட்டான், அவளுக்கு என்ற பேரைப் போட்டான். இங்க வந்து எறங்குனா கம்பெனியில என்னை மிஸ்டர் ரங்கசாமிங்கறான். எங்கப்பன் எங்கடா வந்தாருன்னு நான் திரும்பிப் பாக்கறேன். அவளை மிஸஸ் நாச்சிமுத்துங்கறான். புருசனுக்கு ஒரு பேரு, பொண்டாட்டிக்கு ஒரு பேரு. ஓட்டல்ல ரூம் கேட்டா அந்தப் பொண்ணு எங்க ரெண்டு பேரையும் மேலயும் கீழயும் பாக்கும். எனக்கு வெக்கமாப் போயிரும்.

பூங்கொடிங்கற பேரு எப்பவாச்சும் அவங்கக்கா ஊர்ல இருந்து போன் பண்ணினாக் கேக்கும். நான் அம்மிணிம்பேன். அவ என்னை ஏனுங்கம்பா. நம்ம பக்கத்துல அந்தக் காலத்துப் பொம்பளைக எவ புருசன் பேரைச் சொல்லுவா? ரேசன் கடையில கேட்டாக்கூட பக்கத்துல நிக்கறவங்கதான் சொல்லோணும். இவ எம்.ஏ. படிச்சவ, ஆனாலும் அந்த வழக்கம் விடல. நான் சொல்லாதேன்னு ஒரு நாளும் சொன்னதில்லைங்க. அவளா சொல்ல மாட்டா.

எலெக்சனுக்கெல்லாம் வர்றதுக்கு முன்னாடி அவளுக்குப் பள்ளிக்கூட லைப்ரரியில புஸ்தகம் அடுக்கற வேலை. காலையில பஸ்சுக்கு நிக்கற குழந்தைக பனியில வெறைச்சுப் போய் உள்ள வரும். ஒரு புள்ளைக்கு விரல் நுனி கறுத்தே போச்சு. நிக்கறதுக்கு ஒரு கூரை கிடையாது. இவ போயி டவுன் கூட்டத்துல பேசறேன்னா. எனக்கென்ன வந்துச்சு, ஆனா கார் ஓட்டோணுமே, போனேன். மைக்குக்கு முன்னாடி நிக்கறா. பேரைச் சொல்லுங்கன்னாரு தலைவரு. பூங்கொடின்னா. கடைசிப் பேருன்னாரு. திரும்பி என்னையப் பாக்கறா. மறுக்கா கேக்கறாரு. மறுக்கா என்னையப் பாக்கறா. நான் எந்திரிச்சு "நாச்சிமுத்து"ன்னு சத்தமாச் சொன்னேன். "ஐயா, உங்க முறை வரும், உட்காருங்க"ன்னுட்டாரு. கூட்டமே சிரிக்குது. ஆனா அவ அன்னைக்குப் பேசுன பேச்சுல ஊரு அடங்கிப் போச்சுங்க. அதுல இருந்துதான் ஆரம்பம். மொதல்ல பள்ளிக்கூட போர்டு மெம்பர். அப்புறம் க்ளென்னு வந்தான், சட்டசபைக்கு நில்லுங்கன்னான்.

நம்மூர்ல எம்.எல்.ஏ.ன்னா சுமோவுல போகலாம். இங்க ஊடு ஊடாப் போயி கதவைத் தட்டோணும். தட்டுனா மொதல்ல பேரைச் சொல்லோணும். இவ என்ன பண்ணுனா தெரியுமா? பேரைச் சொல்லாம எழுத்துக் கூட்டிச் சொல்லுவா. என், ஏ, சி, எச்... முழுசா முடிக்கறதுக்குள்ள அவங்களுக்குக் குளிரும். எழுத்தைச் சொன்னா பேரைச் சொன்ன மாதிரி ஆகாதுன்னு அவ கணக்கு. ஆனா ஜனங்க என்ன நினைச்சாங்க? கஷ்டமான பேரு, நம்ம மேல மதிப்பு வெச்சு எழுத்தெழுத்தாச் சொல்லித் தருது இந்தம்மான்னு நினைச்சுட்டாங்க. ஊரை ஒட்டி ஓடற ஆத்துக்கு அக்கட்டால, அந்தக் கரையில இருக்கற தெருவுகள்ல பூரா அப்படித்தான் ஓட்டுக் கேட்டா.

ஒரு நாள் பனி கொட்டுது. ஒரு பெரியவரு ஊடு. அவருக்குக் காது சுத்தமாக் கேக்காது. எழுத்துக் கூட்டறா, புரியல. மறுக்காக் கூட்டறா, புரியல. நான் கார்ல கண்ணாடி ஏத்திட்டு உட்காந்திருக்கேன். திடீர்னு கத்துனா பாருங்க, "நாச்சிமுத்து!"ன்னு. கண்ணாடிக்குள்ள எனக்குக் கேட்டுச்சு. கல்யாணமாகி மக காலேஜுக்குப் போற காலத்துல, மொத மொதல்ல அவ வாயில என்ற பேரு. என்னமோ பண்ணுச்சு தம்பி. அவ வந்து கார்ல ஏறுனா. மூஞ்சி செவந்து கெடக்கு. குளிர்லயா வெக்கத்துலயான்னு தெரியல. நான் அவளைப் பாக்கல, அவ என்னையப் பாக்கல. ஹீட்டரைக் கொஞ்சம் எச்சா வெச்சேன்.

அதுக்கப்புறம் பாத்தா, காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும் நாச்சிமுத்து நாச்சிமுத்துதான். எனக்கே சலிச்சுப் போச்சு. என்னைச் சொல்ற மாதிரியே இல்ல, ஏதோ கடைப் பேரைச் சொல்ற மாதிரி சொல்லுவா. ஊட்டுக்குள்ள வந்துட்டா மறுபடி ஏனுங்க. பொறவு இந்த க்ளென்னு ஒரு கூத்துப் பண்ணுனான். பேரு ஜனங்க மனசுல நிக்கோணுமாம். கூட்டத்துக்குக் கூட்டம் நாச்சோ குடுத்தான். அதாங்க, மக்காச்சோளச் சிப்ஸு, மேல சீஸை ஊத்தி. நாச்சிமுத்துங்கறது என்ற தாத்தன் பேருங்க! அவரு மாட்டு வண்டியில போனா எதுத்தாப்பல வர்றவன் துண்டை எடுத்து இடுப்புல கட்டுவான். அந்தப் பேரைக் கொண்டுபோயி சிப்ஸ்ல சேத்துட்டான். அம்மிணி இத்தனை வருசத்துல அதுல ஒண்ணு எடுத்து வாயில வெச்சதில்ல. எனக்கு, உள்ளதைச் சொன்னா, நல்லாத்தான் இருக்கும்.

ஜெயிச்சோம். இங்க ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா எலெக்சன், நாலு தடவை ஜெயிச்சோம். எல்லாம் அந்தப் பேரு பண்ணுன வேலை, க்ளென்னே சொல்லுவான். அவ உழைக்கலைன்னு சொல்லல. உழைச்சா. அந்தக் கூரைச் சட்டத்துக்கு அவ பட்ட பாடு எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருசமும் கொண்டு வருவா, கமிட்டியில தூக்கிப் போடுவாங்க, மறு வருசம் மறுபடியும் கொண்டு வருவா. கடைசியில பாஸாச்சு. இப்ப இந்த மாநிலத்துல பள்ளிக்கூட பஸ் நிக்கற எடத்துல எல்லாம் கூரை இருக்கில்ல? அதுக்கு ஜனங்க வெச்ச பேரு நாச்சிமுத்து சட்டம். எங்கூர்ல ஒரு தறிக்காரன் மகன் பேர்ல அமெரிக்காவுல சட்டம்! சில சமயம் சும்மா போயி அந்தக் கூரைக்கடியில நிப்பேன். யாராச்சும் வந்தா, நான்தான் நாச்சிமுத்தும்பேன். கையைப் புடிச்சு நன்றி சொல்லுவாங்க. நான் பரவால்லைங்கம்பேன்.

திட்டும் உண்டு. எதிர்க்கட்சிக்காரன் தெருவுல இருக்கற ஊட்டுக்கு முன்னாடியெல்லாம் போர்டு வெச்சான், "நாச்சிமுத்து போதும்"னு. எதுத்த ஊட்டுக்காரன், நான் பனி வழிச்சுக் குடுத்த பாவி, அவனும் வெச்சிருக்கான். காலையில காப்பி டம்ளரோட சன்னலைத் தெறந்தா அதுதான் கண்ணுல படுது. எனக்கு பிரஷர் ஏறிப் போச்சு. அவ சொல்றா, "அது உங்களை இல்லீங்க, என்னை." "பேரு என்றதாச்சே அம்மிணி"ன்னேன். "வேலை செய்யறதும் திட்டு வாங்கறதும் நானு, வலி மட்டும் உங்களுக்கா?"ன்னு கேட்டா. அன்னைக்கு என்னமோ அலுப்புல பேசறாள்னு விட்டுட்டேன்.

அப்புறம்தான் அவ முன்ன வேலை பாத்த லைப்ரரியில ஒரு விசயம் நடந்துச்சு. குழந்தைகளைப் பாக்கப் போனா. எம்.எல்.ஏ. வர்றாங்கன்னு எல்லாத்தையும் உட்கார வெச்சிருக்காங்க. ஒரு தமிழ்ப் புள்ளை, வாயாடி, எந்திரிச்சுக் கேக்குது, "உங்க பேரு என்ன ஆன்ட்டி?" இவ நாச்சிமுத்துன்னு சொல்லிட்டா, பழக்கத்துல. "அது எங்க பெரியப்பா பேரு, அது ஆம்பளப் பேரு"ங்குது அது. "நான் அவரைக் கேக்கல, உங்களைக் கேக்கறேன்"ங்குது. என்ன துடுக்கு பாருங்க! வளத்த வளப்பு. இவளும் சிரிச்சுட்டுத்தான் வந்தா. கார்ல ஏறுனா. சிக்னல்ல நிக்கறப்ப சொல்றா, "ஏனுங்க, ஒருக்கா நான் என்ற பேர்ல நிக்கட்டுமா?"

நான் வெளயாட்டுன்னு நினைச்சேன். கோர்ட்டுக்குப் போயி பேரையே மாத்திட்டு வந்துட்டா. பூங்கொடி ஆறுமுகம். ஆறுமுகம் அவங்கப்பா. நல்ல மனுசன், செத்துப் போயிட்டாரு, ஆனா அவருக்கு இந்த ஊர்ல யாரைத் தெரியும்? க்ளென்னு தலையில கையை வெச்சுட்டு உட்காந்துட்டான். நான் கேட்டேன், என்ற பேரைப் புடிச்சு இவ்வளவு தூரம் ஏறி வந்துட்டு இப்ப என்ற பேரு உனக்கு ஆகலையான்னு. அவ என்ன சொன்னா தெரியுமா? "எட்டு வருசமா நான் உங்களுக்குத்தானுங்க ஓட்டுக் கேட்டேன். ஒருக்கா எனக்குக் கேட்டுப் பாக்கறேன். தோத்தாலும் தேவலை." தோத்தாலும் தேவலையாம்! இத்தனை வருசம் கார் ஓட்டுனவன்கிட்டச் சொல்ற பேச்சா இது? மனசு விட்டுப் போச்சு. கொஞ்ச நாளு நான் அவகூடப் பேசல. சோறு போட்டா சாப்பிட்டேன், அவ்வளவுதான்.

ஆனாலும் நான் அப்படியே இருந்துட்டேனா? இல்லைங்க தம்பி. பொண்டாட்டியாச்சே. நானாப் போயி வேலை செஞ்சேன். புது போர்டு அடிச்சாங்க, பூங்கொடின்னு, பச்சை எழுத்து. அது ஊருக்குள்ளயே தீந்து போச்சு. ஆத்துக்கு அக்கட்டால வைக்க போர்டு இல்ல. எங்க ஊட்டு பேஸ்மென்ட்டுல நாச்சிமுத்துன்னு அடிச்ச பழைய போர்டு அடுக்கிக் கெடக்குது. கம்பியோட. ஒரு கீறல் இல்ல. குப்பையில போட்டுருங்கன்னு அவ சொல்லியிருந்தா. நல்ல சாமானத்தை யாராச்சும் குப்பையில போடுவாங்களா? நானே தூக்கிட்டுப் போயி தெருத் தெருவா நட்டேன். இடுப்பு வலியோட. நாச்சிமுத்துன்னா யாருன்னு தெரியாதா அந்த ஜனங்களுக்கு? ரெண்டும் ஒரே ஆளுதானே. வழியில பாத்தவங்க கேட்டாங்க, நாச்சிமுத்து இந்தத் தடவை நிக்கலையான்னு. "நிக்கறாங்க, நிக்கறாங்க, மறக்காமப் போட்டுருங்க"ன்னேன். தப்பாச் சொன்னேனா?

ஓட்டன்னைக்கு அந்த ஜனங்க உள்ள போயிப் பாத்திருக்காங்க. ஓட்டுச் சீட்டுல நாச்சிமுத்து இல்ல. பூங்கொடி ஆறுமுகம்னு யாரோ. இங்க ஒரு வழக்கம் இருக்கு தம்பி, அச்சடிச்ச பேரு புடிக்கலைன்னா கீழ ஒரு கோடு இருக்கும், அதுல நமக்கு வேணுங்கற பேரை எழுதலாம். அந்தக் கோட்டுல நாச்சிமுத்துன்னு எழுதிட்டாங்க. அப்படி எழுதறதுக்கு முன்கூட்டியே பதிவு பண்ணியிருந்தாத்தான் செல்லுமாம். இல்லைன்னா யாருக்கும் சேராது. ஒண்ணு ரெண்டு இல்லைங்க. அவ தோத்த வித்தியாசத்தை விட அது எச்சா இருந்துச்சு. ஒருத்தன் நாச்சோன்னே எழுதியிருக்கான். ஆனா ஆத்துக்கு அக்கட்டால தெருவுகள்ல இருந்து வந்த சீட்டுல பூரா ஒரு எழுத்துப் பிசகலையாம். அத்தனை கரெக்ட்டா எழுதியிருக்காங்களாம். எண்ணற எடத்துல இருந்த க்ளென்னு வந்து சொன்னான். அவ கேட்டுட்டே இருந்தா. "அந்தத் தெருவுக்கெல்லாம் நான் நடந்து போனேன்"னு மட்டும் சொன்னா. அப்புறம் போயிப் படுத்துட்டா.

மகதான் போன்ல அந்தக் கத்துக் கத்துனா. "அந்த போர்டெல்லாம் நீங்கதானேப்பா வெச்சீங்க?"ன்னு. ஆமா, நான்தான் வெச்சேன். அதுக்கு? உங்கம்மா பேரை மாத்தாம இருந்திருந்தா இந்த வம்பே இல்லையேன்னேன். போனை வெச்சுட்டா. இந்தக் காலத்துப் புள்ளைக யோசிக்கறதே இல்ல. நான் சொல்றேன், கேளுங்க. சீட்டுல பேரு இல்லாதப்பவும் தேடி எழுதியிருக்காங்கன்னா, அந்தப் பேரு மேல ஜனங்களுக்கு எவ்வளவு பிரியம் இருக்கோணும்? ஒரு மனுசனுக்கு இதைவிட வேற என்ன வேணும்? அதைத்தான் க்ளென்னும் சொல்றான். பேரு தயாரா இருக்கு, போர்டு தயாரா இருக்கு, நீங்க வந்து நின்னாப் போதும்கறான்.

எனக்கு ஆசைன்னு நினைச்சுக்காதீங்க. எனக்கென்ன ஆசை, இந்த இடுப்பை வெச்சுட்டு. அவளுக்கும் நல்லதுதானே? அவ களைச்சுப் போயிட்டா. முன்ன மாதிரி இல்ல, சாப்பிடறப்பகூட எங்கயோ பாத்துட்டு இருக்கா. இனி அவ ஊட்டுல நிம்மதியா இருக்கலாம். கூட்டத்துல என்ன பேசறதுன்னு எனக்கு எழுதிக் குடுத்தாப் போதும். கதவு தட்டறதுக்கு மட்டும் கூட வரோணும், ஊடெல்லாம் அவளுக்குத்தானே தெரியும். எந்த ஊட்டுல நாய் கடிக்கும், எந்த ஊட்டுல ஆளு செத்துப் போச்சுன்னு அவளுக்கு அத்துபடி. மத்தபடி ஒரு வேலையும் இல்ல.

உங்க யோசனையைக் கேக்கத்தான் இவ்வளவும் சொன்னேன் தம்பி. எப்படி ஆரம்பிக்கலாம் சொல்லுங்க. மொதல்ல சட்டத்தைப் பத்திப் பேசிட்டு அப்புறம் க்ளென்னு சொன்னதைச் சொல்லட்டுமா? இல்ல ஊட்டுக்குப் போயி சோறு தின்ன பொறவா? மெதுவாப் பேசுங்க, இந்தக் கதவு அட்டை மாதிரி, உள்ள எல்லாம் கேக்கும்.

இந்தா, வந்துட்டா. அம்மிணி, இந்தத் தம்பி கோபிக்காரரு, பொங்கல் விழாவுக்கு உன்னையக் கூப்பிட வந்திருக்காரு. பேசு, பேசு. பெட்டியைக் குடு, நான் வாங்கிக்கறேன். குடேன். சரி, நீயே வெச்சுக்க. நீ பேசி முடி, எனக்கும் உன்கிட்ட ஒரு விசயம் சொல்லோணும். என்னது? கேட்டுருச்சா? எதுல இருந்து கேட்டே? எல்லாமா?

பாத்தீங்களா தம்பி. போறா பாருங்க, பெட்டியை இடுப்புல வெச்சுட்டு. உங்களை எவ்வளவு மரியாதையாக் கேட்டா, பேரு என்ன, எப்படி எழுதறதுன்னு. நோட்டீசுல பூங்கொடின்னு போடுங்க, கண்டிப்பா வர்றேன்னு வேற சொல்லிட்டா. உங்க வேலை முடிஞ்சுது. என்கிட்ட என்ன சொன்னா, கேட்டீங்களா? சிரிக்கவும் இல்ல, கோவிக்கவும் இல்ல. "நாச்சிமுத்துக்கு நான் ஓட்டுக் கேட்டது போதும். இனி நாச்சிமுத்தே கேட்டுக்கட்டும்." அப்படித்தான சொன்னா? பேரைச் சொல்லித்தான சொன்னா? அப்பச் சரின்னுட்டாள்னுதானுங்களே அர்த்தம்?

அட, நீங்க எங்க எந்திரிக்கறீங்க? பெட்டியைத் தூக்கவா? அவ குடுக்க மாட்டா, எனக்கே குடுக்கல. தம்பி, ஒரு நிமிசம். சரின்னுதான அர்த்தம்?